கொமுட்டரில் போர்ட் கிள்ளான்: முதல் தடவை போகிறவர்களுக்கு

கோலாலம்பூருக்குப் படிக்கவோ வேலைக்கோ புதிதாக வந்தவர்கள் முதல் சம்பளம் வாங்கியதும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “கடல் பார்க்கணும்னா எங்கே போறது?” கார் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் போர்ட்டிக்சன் என்பார்கள். கார் இல்லாதவருக்கு அந்தப் பதிலால் பயனில்லை. போர்ட்டிக்சனுக்கு இன்று பயணிகள் ரயில் கிடையாது. சிரம்பான் வரை கொமுட்டர் என்ற புறநகர் ரயிலில் போய், அங்கிருந்து பஸ்ஸோ கிராப் வாடகைக் காரோ பிடிக்க வேண்டும். ஏறிய வண்டியிலேயே உட்கார்ந்திருந்து, அது நிற்கிற இடத்தில் இறங்கினால் உப்புக் காற்று முகத்தில் அடிக்க வேண்டும் என்றால் நமக்கு இருப்பது போர்ட் கிள்ளான்தான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். போர்ட் கிள்ளானில் மணல் கரை இல்லை. காலை நனைத்துக்கொண்டு நிற்க இடமில்லை. சேறும் கண்டல் காடும் பாரந்தூக்கிகளும் சரக்குக் கப்பல்களுமாக இருக்கும் துறைமுகம் அது. பிள்ளைகளிடம் “பீச்சுக்குப் போறோம்” என்று சொல்லிக் கூட்டிப்போனால் திரும்பும் வழியெல்லாம் முணுமுணுப்புதான் கேட்கும். படகு, தீவு, தண்ணீருக்கு மேலே கால் ஊன்றி நிற்கும் வீடுகள் என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். அத்தனையும் அங்கிருந்து படகேறிப் போகும் கெத்தாம் தீவில் இருக்கிறது.

திரும்புவதிலிருந்து கணக்குப் போடுங்கள்

இந்தப் பயணத்தில் போவதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம். நாள் கெடுவதெல்லாம் திரும்பும்போதுதான். அதனால் “எத்தனை மணிக்குக் கிளம்பலாம்” என்று தொடங்காமல், “தீவிலிருந்து எந்தப் படகில் திரும்பப் போகிறேன்” என்று தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

கெத்தாம் தீவிலிருந்து போர்ட் கிள்ளானுக்கு வரும் கடைசிப் படகு மாலையோடு முடிந்துவிடும். இரவில் படகு இல்லை. வார நாளில் ஒரு நேரம், சனி ஞாயிறில் ஒரு நேரம், சீனப் பெருநாள் சமயத்தில் வேறொரு நேரம் என்று மாறவும் செய்யும். ஆகவே கடைசிப் படகை நம்பாதீர்கள். மதியம் இரண்டு, மூன்று மணிவாக்கில் வரும் படகை உங்கள் படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தவறினாலும் அடுத்தது இருக்கும்.

தீவில் இரண்டு, இரண்டரை மணி நேரம் தாராளம். படகுக்கு முக்கால் மணி வரை ஆகலாம், அதோடு காத்திருப்பும் சேரும். கேஎல் சென்ட்ரலிலிருந்து போர்ட் கிள்ளான் வரை ரயிலுக்கு ஒன்றே கால் மணி என்று வையுங்கள். வண்டிக்காகக் காத்திருக்க அரை மணியும் சேருங்கள், ஏனென்றால் கூட்ட நேரம் தவிர மற்ற வேளைகளில் அரை மணிக்கு ஒரு வண்டி என்று கணக்கு வைப்பதுதான் பத்திரம். இப்படிக் கூட்டிக் கழித்தால் காலை எட்டு மணிக்கு நீங்கள் கேஎல் சென்ட்ரல் நடைமேடையில் நிற்க வேண்டும். ஒன்பதரைக்கு எழுந்து குளித்துக் கிளம்புகிற ஆளுக்குத் தீவு சரிப்படாது. அவர் கிள்ளான் வரை போய், சாப்பிட்டு, கோயில் பார்த்துத் திரும்பலாம். அதுவும் நல்ல நாள்தான்.

எந்தக் கிழமை என்றால், முடிந்தவரை வார நாள். காரணம் எளிது. காலையில் கிள்ளான், ஷா ஆலம், சுபாங் பக்கத்து ஆட்கள் வேலைக்காகக் கோலாலம்பூரை நோக்கி வருகிறார்கள். நீங்கள் எதிர்த்திசையில் போகிறீர்கள். மாலையில் அவர்கள் வீடு திரும்பும்போது நீங்கள் மறுபடி எதிர்த்திசை. இரண்டு தடவையும் உட்கார இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு. கிள்ளானில் அறை எடுத்துக்கொண்டு தலைநகரில் வேலை பார்க்கிறவருக்கு இதே கணக்கு தலைகீழாகும். வாடகை மலிவு என்று கிள்ளானில் வீடு தேடும் புதியவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணி வண்டியில் நின்றுகொண்டே வந்து பார்ப்பது நல்லது.

சனி ஞாயிறில் தீவுக்குக் கூட்டம் அதிகம், ஆனால் கடைகள் எல்லாம் திறந்திருக்கும். மிதிவண்டி வாடகைக்கு எடுத்துச் சுற்றவும் கடலுணவு சாப்பிடவும் ஆசை என்றால் அந்த நாட்களே சரி. அமைதி வேண்டுமென்றால் செவ்வாய், புதன்.

கையில் என்ன இருக்க வேண்டும்

டச் அன் கோ அட்டை. இது ஒன்று இருந்தால் டிக்கெட் இயந்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். நுழைவாயிலில் ஒரு தட்டு, வெளியே வரும்போது ஒரு தட்டு, கட்டணம் தானாகக் கழிந்துவிடும். கேஎல் சென்ட்ரலிலிருந்து போர்ட் கிள்ளானுக்குப் பத்து வெள்ளிக்குள், அதாவது பத்து ரிங்கிட்டுக்குள், முடிந்துவிடும். போக வர இருபது வெள்ளியும் அதற்கு மேல் கொஞ்சமும் அட்டையில் இருக்கட்டும். சின்ன நிலையத்தில் இறங்கிய பிறகு அட்டையில் காசில்லை என்று தெரியவந்தால் நிரப்புவதற்கு இடம் தேடி அலைய வேண்டியிருக்கும். கைப்பேசியை வைத்தே காசேற்றும் வகை அட்டை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஓர் அட்டையில் ஒருவர்தான் போக முடியும். நண்பரைப் பின்னால் நிறுத்திவிட்டு அதே அட்டையை இரண்டாவது தடவை தட்டிப் பார்ப்பது புதியவர்களின் வழக்கம். கதவு திறக்காது. வெளியேறும்போது தட்ட மறந்தாலும் தொல்லைதான். சில சின்ன நிலையங்களில் கதவு திறந்தே கிடக்கும், ஆளும் இருக்க மாட்டார், நேரே நடந்து போய்விடத் தோன்றும். நின்று தட்டிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை நுழையும்போது அட்டை முரண்டுபிடிக்கும், கவுண்டரில் போய் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

நகர ரயில்களான எல்ஆர்டி, எம்ஆர்டியிலும் ரேப்பிட் பஸ்ஸிலும் மாதம் ஐம்பது வெள்ளிக்கு ஓடும் மை50 பாஸ் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். அந்தப் பாஸ் கொமுட்டரில் செல்லாது. கொமுட்டரை நடத்துவது கேடிஎம், அது வேறு நிறுவனம், வேறு கணக்கு. மலேசியக் குடிமக்களான மூத்தவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள் அவர்களுடைய அடையாள அட்டையான மைகாட்டைக் கையோடு வைத்துக்கொண்டு கவுண்டரில் கேளுங்கள்.

நோட்டாக ஒரு ஐம்பது வெள்ளி. தீவில் அட்டைக்கும் கைப்பேசிப் பணத்துக்கும் எல்லாக் கடையிலும் தலையாட்டுவார்கள் என்று எண்ண வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் கடப்பிதழையோ பெர்மிட்டையோ கையில் வைத்திருங்கள். துறைமுகப் பகுதி என்பதால் யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒன்று வேண்டும். தொப்பி, தண்ணீர், குடை, மெல்லிய சால்வை. வெளியே வெயில் கொளுத்தும், வண்டிக்குள்ளே குளிரூட்டி பல்லைக் கிட்ட வைக்கும்.

கேஎல் சென்ட்ரலில் தவறுவது எங்கே

பிரிக்பீல்ட்ஸ் பக்கமிருந்து வருகிறவர்கள் நியூ சென்ட்ரல் கடைத்தொகுதிக்குள் நுழைந்து நடந்தால் நேரே நிலையத்தின் பெரிய கூடத்துக்கு வந்துவிடலாம். காலையில் கிளம்புமுன் பிரிக்பீல்ட்ஸிலேயே வயிற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். தோசையோ ரொட்டி சானாயோ, மேலே ஒரு தே தாரிக். வண்டிக்குள் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. கழிப்பறைக்கும் இங்கேயே போய்வந்துவிடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸுக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு இந்தக் கட்டடத்தைவிடப் பழையது. கேஎல் சென்ட்ரல் 2001இல் திறந்தது, அதற்குமுன் இந்த இடம் ரயில்வேயின் பெரிய பெட்டி கோக்கும் களம். ரயில்வேயில் குமாஸ்தாவாகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களும், தண்டவாளத்தில் உழைத்த தமிழ்நாட்டுக் குடும்பங்களும் சுற்றிலும் குடியிருந்தார்கள். வரிசை வரிசையாக நின்ற ரயில்வே வீடுகளை இடித்தாகிவிட்டது. கந்தசாமி கோயில் நிற்கிறது.

கூடத்தில் பல வகை ரயில்களுக்கும் பல வாயில்கள். விமான நிலைய வண்டி வேறு, ஈப்போ பட்டர்வொர்த் பக்கம் போகும் இடிஎஸ் வேறு, எல்ஆர்டி வேறு. உங்களுக்கு வேண்டியது “கேடிஎம் கொமுட்டர்” என்று எழுதிய வாயில். இடிஎஸ்ஸுக்கு இருக்கை எண்ணோடு முன்பதிவு செய்ய வேண்டும். கொமுட்டருக்கு அதெல்லாம் இல்லை, தட்டிவிட்டுக் கீழே இறங்க வேண்டியதுதான்.

இறங்கியதும் புதியவர்களில் பாதிப்பேர் தடுமாறும் இடம் வருகிறது. கீழே ஓடுவது இரண்டு கொமுட்டர் தடங்கள். ஒன்று தஞ்சோங் மாலிமுக்கும் பெலாபுஹான் கிளாங்குக்கும் இடையே ஓடுகிறது. நாம் போர்ட் கிள்ளான் என்பதைப் பலகையில் மலாயில் பெலாபுஹான் கிளாங் என்றுதான் போட்டிருப்பார்கள். மற்றொன்று பத்துமலைக்கும் சிரம்பான் வழியாகப் புலாவ் செபாங்குக்கும் இடையே ஓடுகிறது. இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி வண்டி, ஒரே கூட்டம். நடைமேடை எண்ணை யாரோ சொன்னார்கள் என்று நம்பி நிற்காதீர்கள். வண்டியின் நெற்றியிலும் மேலே தொங்கும் பலகையிலும் “பெலாபுஹான் கிளாங்” என்று பார்த்த பிறகே ஏறுங்கள்.

அப்படியும் சந்தேகமாக ஏறிவிட்டீர்களா? அடுத்த நிலையத்தில் தெரிந்துவிடும். கேஎல் சென்ட்ரலை விட்டதும் “ஸ்தேசென் பெரிகுத்ஞா” என்று தொடங்கும் அறிவிப்பைக் கேளுங்கள், அடுத்த நிலையம் எது என்று சொல்வார்கள். அப்துல்லா ஹுக்கும் என்றால் சரியான வண்டி. மிட்வேலி என்றால் சிரம்பான் தடத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். பதற வேண்டாம், மிட்வேலியில் இறங்கி எதிர்ப்பக்கம் வந்து கேஎல் சென்ட்ரலுக்குத் திரும்பிவிடலாம். இழப்பு அரை மணியோ முக்கால் மணியோ.

எல்லாரும் கேஎல் சென்ட்ரலுக்கு வர வேண்டியதில்லை. ரவாங், சுங்கை பூலோ, கெப்போங் பக்கம் இருப்பவர்களுக்கு வண்டி நேராகவே போகிறது, மாற வேண்டாம். பத்துமலை, செந்தூல் பக்கத்தார் புத்ரா, பேங்க் நெகாரா, கோலாலம்பூர், கேஎல் சென்ட்ரல் ஆகிய நான்கு நிலையங்களில் எதில் வேண்டுமானாலும் மாறலாம், இரண்டு தடமும் அந்த நான்கிலும் நிற்கும். நேரம் இருந்தால் பழைய கோலாலம்பூர் நிலையத்தில் மாறுங்கள். 1910இல் எழுந்த அந்த வெள்ளை மண்டபமும் கவிகைகளும் இன்று கிட்டத்தட்ட ஆளில்லாமல் கிடக்கின்றன. எல்ஆர்டி கிளானா ஜெயா தடத்தில் வசிப்பவர்களுக்கு அப்துல்லா ஹுக்கும், சுபாங் ஜெயா இரண்டிலும் மாற வசதி உண்டு.

வண்டிக்குள்

நடுப்பகுதியில் இளஞ்சிவப்புக் குறி போட்ட பெட்டிகள் பெண்களுக்கு மட்டும். 2010இலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. தனியாகப் போகும் பெண்கள், கைக்குழந்தையோடு போகிறவர்கள் அங்கே ஏறிக்கொள்ளலாம். ஆண்கள் அவசரத்தில் ஏறிவிட்டால் உள்ளேயே நடந்து அடுத்த பெட்டிக்குப் போய்விடுவது மரியாதை. காவலர் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

டுரியான் கொண்டுபோகக் கூடாது. பருவத்தில் போகிறவர்கள் ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டு நிலையத்து வாசலில் நின்று திகைப்பார்கள்.

வழியில் பார்க்க என்ன இருக்கிறது? முதல் அரை மணி நகரத்தின் முதுகுப்புறம்தான். அங்காசாபுரி நிலையத்தை மட்டும் தவறவிடாதீர்கள். மின்னல் பண்பலை கேட்டு வளர்ந்த வீட்டுக்காரர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. அரசாங்க வானொலியும் தொலைக்காட்சியும் அந்த வளாகத்திலிருந்துதான். ஷா ஆலம் நிலையத்தில் இறங்கினால் நீலப் பள்ளிவாசல் எதிரே நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள், அது தூரம். பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக் தாண்டினால் கிள்ளான். கிள்ளானில் பெட்டி பாதி காலியாகும். நீங்களும் எழுந்துவிடாதீர்கள். கிள்ளான் வேறு, போர்ட் கிள்ளான் வேறு. கிள்ளானுக்குப் பிறகு தெலுக் பூலாய், தெலுக் காடோங், கம்போங் ராஜா ஊடா, ஜாலான் காஸ்தாம், ஐந்தாவதாகக் கடைசி நிலையம். வண்டி அதற்கு மேல் போகாது, தூங்கிவிட்டாலும் யாராவது எழுப்புவார்கள்.

இந்தத் தடத்துக்கு வயது அதிகம். மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைக்கு ஓடியது. அடுத்த ஆண்டே சிலாங்கூரின் முதல் ரயில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவுக்கு ஓடியது. வெள்ளீயத்தைக் கடலுக்குக் கொண்டுபோக அமைத்த வழி. பிறகு ஆற்றின் மேல் பாலம் போட்டுக் கிள்ளானுக்குள் வந்து, கடைசியில் கடலுக்கே போய்ச் சேர்ந்தது. அங்கே 1901இல் திறந்த துறைமுகத்துக்கு, பிரிட்டிஷ் ஆட்சியாளர் சுவெட்டன்ஹம் பெயரையே வைத்தார்கள். திறந்த கொஞ்ச நாளில் மலேரியா தாக்கி மூட வேண்டிவந்தது. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பை வடித்து, வாய்க்கால் வெட்டி நோயை அடக்கினார். போர்ட் கிள்ளான் என்ற பெயர் 1972இல்தான் வந்தது.

நம்மவர்களுக்கு அந்தப் பழைய பெயர் அந்நியமில்லை. நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கைத் தொட்டு, சுவெட்டன்ஹம் துறையில் இறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டு, பிறகு தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த வண்டியில் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ரஜூலா கப்பல் 1920களிலிருந்து 1970கள் வரை அந்தக் கடல்வழியில் ஓடியது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது அதில் வந்திருந்தால், கிளம்புமுன் அவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கரையில் நின்று பார்க்கும் கண் மாறும்.

இறங்கியதும் படகுத்துறை

போர்ட் கிள்ளான் நிலையம் சின்னது. தட்டிவிட்டு வெளியே வந்தால் கெத்தாம் படகுத்துறை சில நிமிட நடைதான். கிராப் தேவையில்லை. தெரியாவிட்டால் “ஜெத்தி புலாவ் கெத்தாம்?” என்றாலே கை நீட்டிக் காட்டுவார்கள். சுமத்ராவின் தஞ்சோங் பாலாய்க்குப் போகும் படகுகளும் இந்த ஊரிலிருந்துதான் கிளம்புகின்றன. அவர்களோடு வரிசையில் நின்றுவிடாமல் பெயரைச் சொல்லிக் கேட்டு நில்லுங்கள்.

டிக்கெட் வாங்கும் இடத்தில் திரும்பும் படகு நேரங்களை எழுதி ஒட்டியிருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தீவில் இறங்கும் நொடியிலேயே, கடையையோ மிதிவண்டியையோ பார்க்குமுன், துறையில் நிற்கும் ஆளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “போட் தெராகீர் புக்குல் பெராப்பா?” கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று அர்த்தம். பலகையில் இருப்பதும் அவர் சொல்வதும் வேறுபட்டால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படகு மூடிய, குளிரூட்டிய வகை. ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தால் கண்டல் காட்டு ஓரத்தையும் நங்கூரமிட்ட சரக்குக் கப்பல்களையும் பார்த்துக்கொண்டே போகலாம். வாந்தி வருகிறவர்கள் பின்பக்கமாக உட்காருங்கள், ஆட்டம் குறைவு. ஆனாலும் அது திறந்த கடல் இல்லை, தீவுகளுக்கிடையே போகிற வழி. மழை இல்லாத நாளில் பயப்பட ஒன்றுமில்லை.

தீவில்

கெத்தாம் என்றால் நண்டு. சதுப்பின் மேல் மரத்தூணும் கான்கிரீட் தூணும் ஊன்றி, அதன்மேல் வீடு, கடை, பள்ளி, கோயில் எல்லாம் கட்டியிருக்கிறார்கள். ஹொக்கியன், தியோச்சு சீனர்களின் மீன்பிடிக் கிராமம். கார் கிடையாது. பாதை என்பது இரண்டு மிதிவண்டி ஒதுங்கிப் போகும் அகலமுள்ள பாலம். அதில் மின்சார மிதிவண்டிகள் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கும். பல இடங்களில் ஓரத்தில் கைப்பிடி இல்லை, கீழே சேறு. சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். மிதிவண்டி வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் தடை பிடிக்கிறதா என்று நின்ற இடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் நடப்பதே நல்லது, ஊர் ஒன்றும் அவ்வளவு பெரிதில்லை.

அலை வற்றிய நேரத்தில் போனால் வீடுகளுக்குக் கீழே சேறும் குப்பையும் தெரியும், வாடையும் இருக்கும். நீர் ஏறிய நேரத்தில் அதே ஊர் மிதப்பதுபோல் இருக்கும். அலை நேரத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுக் கிளம்புவது வெட்டி வேலை இல்லை.

சாப்பாட்டு விஷயத்தில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நண்டு, இறால், மீன் சாப்பிடுகிறவர்களுக்குத் தீவு சொர்க்கம். விலையை முன்கூட்டிக் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள், எடைக்கு விலை சொல்லும் பண்டத்தில் கூச்சம் கூடாது. சைவக்காரர்களுக்கும் ஹலால் பார்க்கிறவர்களுக்கும் வாய்ப்பு குறைவு. வெள்ளிக்கிழமை விரதம், புரட்டாசி என்றால் வீட்டிலிருந்தே புளிச்சாதமோ தயிர்ச்சாதமோ பொட்டலம் கட்டிக்கொண்டு போய்விடுங்கள். படகுத்துறைப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை, இலையையும் தாளையும் தண்ணீரில் வீசாமலிருந்தால்.

வீட்டு வாசல்கள் பாதையோடு ஒட்டியிருக்கும், கதவும் திறந்திருக்கும். உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டியைப் படம் எடுப்பது அழகில்லை. அவர்களுக்கு அது வேடிக்கை இடமில்லை, வீடு.

மாலை நெருங்க நெருங்க இந்தப் பக்கம் மழை இடியோடு வருவது சகஜம். மேற்கே கறுத்தால் யோசிக்காமல் படகுத்துறைக்கு நடையைக் கட்டுங்கள். அதற்குத்தான் இரண்டு மணிப் படகைச் சொன்னேன்.

கிள்ளானில் ஒரு நிறுத்தம்

திரும்பும்போது நேரே கோலாலம்பூருக்குப் போவது என் பார்வையில் வீண். கிள்ளானில் இறங்குங்கள். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் தெங்கு கெலானா சாலை, லிட்டில் இந்தியா. புடவைக் கடை, மாலைக் கடை, நகைக்கடை, பலகாரக் கடை என்று நீளும். ஊரைவிட்டு வந்து சில மாதமானவர்களுக்கு, அந்தச் சாலையில் மல்லிகை வாசம் மூக்கில் ஏறும்போது கால் தானாக மெதுவாகும். வாழை இலைச் சாப்பாடு மதியத்தோடு முடிந்திருந்தால், தோசை, தே, வடை இருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அந்தச் சாலையில் காரை நிறுத்த இடம் தேடி ஒரு மணி நேரம் சுற்றுவார்கள். ரயிலில் வந்தவருக்கு அந்தக் கவலை இல்லை. வாங்கிய மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு நிலையத்துப் படியேறத் தெம்பு இருந்தால் போதும்.

மாலையில் கோயில் நடை திறந்த பிறகு சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகலாம். நூறாண்டு தாண்டிய கோயில், நாட்டின் வைணவக் கோயில்களில் பேர்பெற்றது. நிலையத்திலிருந்து நடக்கத் தூரம், கிராப் பிடித்துக்கொள்ளுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் போனால் தரிசனத்துக்கே பாதி நாள் போய்விடும். அன்று தீவையும் கோயிலையும் சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள், ஒன்றை விடுங்கள்.

திரும்பும் வண்டி

போர்ட் கிள்ளானில் ஏறுவதென்றால் குழப்பமே இல்லை, கடைசி நிலையம் அது, எல்லா வண்டியும் ஒரே திசையில்தான் கிளம்பும். கிள்ளானில்தான் பார்க்க வேண்டும். கோலாலம்பூர் என்று எழுதிய பலகையைத் தேடிக்கொண்டிருந்தால் வண்டியை விட்டுவிடுவீர்கள். உங்கள் வண்டியில் “தஞ்சோங் மாலிம்” என்று எழுதியிருக்கும், அது கோலாலம்பூரைக் கடந்து வடக்கே போகிற வண்டி. எதிர்ப்பக்க நடைமேடையில் ஏறினால் மறுபடி துறைமுகத்துக்கே போய்ச் சேர்வீர்கள். அட்டையைத் தட்டுமுன் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். “தஞ்சோங் மாலிம் சைட் மானா?” என்றால் போதும்.

இரவு பத்து மணிக்கு நிலையத்தில் இருந்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வண்டி அதற்கும் பிறகு இருக்கலாம், ஆனால் அதை நம்பிச் சாப்பாட்டை நீட்டிக்க வேண்டாம். வண்டி தவறினால் சுமார் 40 கிலோமீட்டர் கிராப்பில் வர வேண்டும், பகல் முழுக்க மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும். தண்டவாளத்தில் பராமரிப்பு வேலை நடக்கும் காலங்களிலும் பலத்த மழைக்குப் பிறகும் வண்டி தாமதமாகும், நேரமும் மாறும். கிளம்பும் அன்று காலையில் கேடிஎம் செயலியில் அன்றைய நேரத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், மாலையில் ஏறுமுன் இன்னொரு தடவை பாருங்கள்.

தீவில் நடந்த களைப்பும் குளிரூட்டியும் சேர்ந்தால் சுபாங் தாண்டுமுன் தூக்கம் வந்துவிடும். போகும்போது தூங்கினால் பாதகமில்லை. திரும்பும்போது அப்படியில்லை, வண்டி கேஎல் சென்ட்ரலில் உங்களுக்காக நிற்காது, ரவாங்கும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். அங்காசாபுரிக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒலிக்கும்படி கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் தவறவிட்டால், கண் விழித்த நிலையம் பேங்க் நெகாராவோ புத்ராவோ என்றால் உடனே இறங்கி எதிர்ப்பக்கம் போங்கள், அங்கே தெற்கே போகிற இரண்டு தடத்து வண்டியும் வரும், எதில் ஏறினாலும் கேஎல் சென்ட்ரல் போகும். அதையும் தாண்டிவிட்டால் உங்கள் தடத்து வண்டிக்கு மட்டும் காத்திருக்க வேண்டிவரும். அந்த நேரத்துக்கு அரை மணி என்பது நீளமான காத்திருப்பு.